நுழைந்த வழி

காப்பீட்டுப் படிவத்தில் பதினோராம் கேள்வி:
திருடர் நுழைந்த வழி.
கதவு. சன்னல். கூரை. பிற.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்
ஒரு டிக் மட்டும் கொள்ளும் கட்டம்.

கதவு பூட்டியே இருந்தது.
அந்தக் கட்டடத்துக்குச் சன்னலே கிடையாது.
கூரைமேல் மூன்றடிப் பனி,
அதில் ஓர் அண்டங்காக்கையின் காலடிகூட இல்லை.

ஐஸ்லாந்தின் மேற்குக் கரை. டிசம்பர்.
மலையைத் தாண்டிச் சூரியன் எங்கள் தெருவை எட்ட
இன்னும் ஆறு வாரம்.
இப்படிப்பட்ட ஊரில்
குளிரைக் காசு கொடுத்து வாங்குகிறவள்
சால்வோர் ஒருத்திதான்:
நானூறு டன் காட் மீன்,
மைனஸ் இருபத்துநான்கு டிகிரி,
கம்ப்ரசர் நான்கு, சென்சார் முப்பத்தொன்று,
அத்தனையும் இணையத்தில்.
லிஸ்பனில் காபி குடித்துக்கொண்டே
செத்த மீன்களின் உடல்நிலையைக்
கைபேசியில் விசாரிப்பாள்.
அதைப் பொருத்தித் தந்தவன் நான்.

முதலில் சொன்னது பொஜெனா.
போலந்துக்காரி, இரவுப் பணி,
ஊசியில் நூல் கோப்பதுபோல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவாள்.
“ஹாஃப்லிதி, இரும்பு ரேக்கில் என் கையுறை ஒட்டவில்லை.”
திரையைப் பார்த்தேன். மைனஸ் 24.0.
ஒட்டாவிட்டால் நல்லதுதானே என்றேன்.
மறுநாள்: “பெட்டிகள் வியர்க்கின்றன.”
திரையைப் பார்த்தேன். மைனஸ் 24.0.
உனக்குக் காய்ச்சலா என்று கேட்டேன்.
கேட்டேன், ஆமாம்.

ஐந்தாம் இரவு அவள்
தன் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த
வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.
பெட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டு
ஒரு சிகரெட் தீரும்வரை நின்றாள்.
மைனஸ் இரண்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
ஐந்து நாளாய் அந்த எண்
புள்ளிக்குப் பின்னால்கூட அசையவில்லை.
உயிருள்ள குளிர் நடுங்கும்:
கதவு திறந்தால் அரை டிகிரி,
கம்ப்ரசர் மூச்சு வாங்கினால் கால் டிகிரி.
பொய்தான் இவ்வளவு திடமாக நிற்கும்.
திரைக்குப் பின்னால், யாரோ
பனி உருக்கும் ஹீட்டர்களை
ராப்பகலாய் ஓடவிட்டிருந்தார்கள்.

கடிதம் காலையில் வந்தது,
என்னைவிடப் பிழையில்லாத ஐஸ்லாந்திய மொழியில்.
நான்கு பிட்காயின். வாழ்த்துகள்.

சால்வோர் பணம் கட்டவில்லை.
சரக்குக் கதவுகள் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னாள்.
வெளியே மைனஸ் ஒன்பது, இலவசம்.
பள்ளி ஆசிரியர்கள், தேவாலயப் பாடகர் குழு,
போட்டிக் கம்பெனி ஓட்டார்கூட வந்தான்,
வாய் திறக்காமல், தன் லாரியோடு.
பெட்டி பெட்டியாய்ப் பனிக்குள் புதைத்தோம்.
பாதி பிழைத்தது.
மீதி, தீவன மாவாகப் போனது.
வாடை மட்டும் எங்கும் போகவில்லை.

ரெய்க்யவிக்கிலிருந்து வந்த பெண்
பதிவேடுகளைப் பின்னோக்கி ஓட்டினாள்.
மடிக்கணினிமேல் கையுறையோடு ஒரு விரல்.
அங்கே ஒரு பராமரிப்புக் கணக்கு:
ஆறு ஆண்டுக்கு முன் மூடிப்போன
என் பழைய கம்பெனியின் பெயரில்.
கம்பெனி மூடியது. கணக்கு மூடவில்லை.

“கடவுச்சொல் யார் வைத்தது?”

அன்று விரல்கள் மரத்திருந்தன.
வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது.
பிறகு மாற்றலாம் என்று
கண்ணெதிரே நின்றதைத் தட்டினேன்:
வெத்துர்.
எங்கள் மொழியில் குளிர்காலம்.

அவள் சிரிக்கவில்லை.
“முதல் நூறு யூகங்களுக்குள் வந்துவிடும்” என்றாள்,
வானிலை சொல்கிற குரலில்.

பொஜெனாவின் வெப்பமானி
இப்போது உள்ளே தொங்குகிறது,
ஓர் ஆணியைத் தவிர
வேறெதனோடும் இணைக்கப்படாமல்.
அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.
போலிஷ் மொழியில் ஏதோ சொன்னாள்.
அர்த்தம் கேட்கத் துணிவில்லை.

பதினோராம் கேள்விக்கு, பிற.
டிக் போட்டாயிற்று.
விவரம் எழுத ஒற்றை வரி விட்டிருக்கிறார்கள்.

குளிர்காலம் வழியாக, என்று எழுதுகிறேன்.

பிறகு அதை அடித்துவிட்டு
என் பெயரை எழுதுகிறேன்.